ஹீட் மீட்டர் வயர் போன வழி

சின்னக்குட்டிபாளையத்தில் ஒரு காரின் ஹீட் மீட்டர் வயர், தான் போய்ச் சேரவேண்டிய இன்ஜினுக்குப் போகாமல், பானட்டுக்கு அடியில் இறங்கி, முன்சக்கரத்தைச் சுற்றிக்கொண்டு, ஷட்டருக்குக் கீழே நுழைந்து ஊருக்குள் போய்விட்டது என்று எலக்ட்ரீசியன் துளசிமணி சொன்னபோது, காரின் சொந்தக்காரர் கீர்த்திவாசன் கேட்ட முதல் கேள்வி, இதனால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் வேலை முடிவது தள்ளிப்போகுமா என்பதுதான். அது எப்படிப்பட்ட ஊர் என்று தெரிந்துகொள்ள இதற்குமேல் விசாரிக்க வேண்டியதில்லை.

துளசிமணிக்கு ஐம்பத்திரண்டு வயது. பழைய கார்களுக்கு வயரிங் செய்வதில் நாலு மாவட்டத்தில் அவளுக்கு இணை கிடையாது. அது அவளுக்குத் தெரியும். தெரியும் என்பதை அவள் யாரிடமும் மறைத்ததும் கிடையாது. பெயின்டர்களை அவள் சுவருக்குச் சுண்ணாம்பு அடிக்கக்கூட லாயக்கில்லாதவர்கள் என்றாள். ஏசி மெக்கானிக்குகளை மனிதர்களாகவே சேர்ப்பதில்லை. சால்டரிங் வைக்காமல் வயரை முறுக்கி டேப் சுற்றுகிறவனோடு ஒரே கூரையின் கீழ் இருக்க முடியாது என்று, கட்டிய புருஷனையே அவன் அம்மா வீட்டுக்கு பஸ் ஏற்றி அனுப்பியவள். அவன் போன மறுநாள் அவன் போட்டுவைத்த கனெக்‌ஷன் அத்தனையையும் பிரித்துத் திரும்பப் போட்டாள்.

கார் கீர்த்திவாசனின் தாத்தா சீமையிலிருந்து தருவித்தது. குடும்பத்துக்குச் சொந்தமான கீர்த்தி மில்லின் பஞ்சுக் குடோனில் நாற்பது வருஷம் எலி குடும்பம் நடத்திய வண்டியை, கோவையில் நடக்கப்போகும் பழைய கார் கண்காட்சியில் வைக்க வேண்டும் என்று இரண்டு வருஷமாகப் புதுப்பித்துக்கொண்டிருந்தார். புதுப்பித்தவர்கள் கண்ணில் பட்டதற்கெல்லாம் பெயின்ட் அடித்திருந்தார்கள். எர்த் போல்ட்டுக்கும் அடித்திருந்தார்கள். பெயின்டுக்கு மேல், பூஜை போட்ட அன்று யாரோ ஒரு புண்ணியவான் ஒரு போல்ட்டு விடாமல் சந்தனம் குழைத்துப் பூசிக் குங்குமமும் வைத்திருந்தான். அப்புறம் மீட்டர் வேலை செய்யவில்லையே என்று ஒப்பாரி. பெயின்டையும் சந்தனத்தையும் தாண்டி எர்த் எப்படிப் போகும் என்று கேட்கிற அளவுக்கு அங்கே ஒருத்தருக்கும் மண்டையில் இடமில்லை.

அந்த வியாழக்கிழமை துளசிமணி கத்தியை வைத்து எல்லாவற்றையும் சுரண்டினாள். இரும்பு பளிச்சென்று தெரிந்ததும் சாவியைத் திருப்பினாள். குளிர்ச்சியைக் காட்டும் C-யில் செத்துக் கிடந்த முள் ஒரே தாவலில் கொதிப்பைக் காட்டும் H-க்குப் போய் நின்றது. இன்ஜினை இன்னும் ஒரு தடவைகூடக் கிளப்பவில்லை, தொட்டால் சில்லென்று இருந்தது. சாவியை அணைத்தாள், முள் இறங்கவில்லை. பேட்டரி டெர்மினலைக் கழற்றிக் கீழே வைத்தாள், இறங்கவில்லை. மீட்டருக்குப் பின்னால் கைவிட்டு அந்தப் பச்சை வயரை உருவினாள், முள் விழுந்தது. திரும்பச் செருகினாள், எழுந்தது. மீட்டர் சரி, எர்த் சரி, கோளாறு வயரில் என்று முடிவு செய்து வயரைப் பிடித்துக்கொண்டு போனபோதுதான் அது வெளியே இறங்கிப் போயிருப்பதைப் பார்த்தாள். இன்ஜினில் சென்சார் தலையில் ஒன்றும் இல்லாமல் மொட்டையாக உட்கார்ந்திருந்தது.

ஷட்டருக்கு அருகில் குந்தி, வயரை இரண்டு விரலால் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தாள். பிறகு எழுந்து போய் கீர்த்திவாசனிடம் சொன்னாள்.

"H காட்டுதுன்னா ரெண்டே காரணந்தானுங். ஒண்ணு, வயர் எங்கியோ பாடியத் தொட்டுக்கிட்டு இருக்கோணும். இல்லீன்னா நெசமாவே அந்த முனையில எதோ கொதிக்குது. தொட்டுப் பாத்துட்டேனுங். வயரு சூடா இருக்குது. விட்டு விட்டுத் துடிக்குது. இன்ஜின் இப்புடித் துடிக்காதுங். உசுருள்ளது என்னமோ ஒண்ணு அங்க வெந்துக்கிட்டுக் கெடக்குது."

கீர்த்திவாசன் வயரைத் தொடவில்லை. அவர் கையில் பாலிஷ் துணி இருந்தது.

"இருக்கட்டும் துளசிமணி. ஆனா முள்ளு நடுவுல நிக்கோணும். ஜட்ஜுக மொதல்ல டேஷ்போர்டத்தான் எட்டிப் பாப்பாங்க."

"நடுவுல நிக்க வெக்கறது நாலு நிமிச வேலைங். வயரக் கட் பண்ணிப்போட்டு ஒரு ரெசிஸ்டர மாட்டுனா, வண்டி பத்தி எரிஞ்சாலும் முள்ளு நடுவுலயே நிக்கும். அந்த ஈனப் பொழப்ப என்ற கை பண்ணாதுங்."

"அப்ப, பண்ற கையாப் பாத்துக் கூப்புட்டுக்கறேன். உங்களுக்கும் வயசாயிருச்சு. கண்ணு முன்ன மாதிரி தெரியறதில்லைன்னு நாலு பேரு பேசிக்கறாங்க."

துளசிமணி ஸ்பேனர்களை ஒவ்வொன்றாகத் துடைத்துப் பையில் போட்டாள். பைபாஸ் ஓரத்தில் இருந்த தன் ஷெட்டுக்குப் போய் நாற்காலியில் உட்கார்ந்தாள். வருவான், நாக்கைத் தொங்கப்போட்டுக்கொண்டு வருவான், வந்து கண் தெரியாதவளைக் காலில் விழுந்து கூப்பிடுவான், அப்போது பார்த்துக்கொள்ளலாம் என்று இருந்தாள். வயரின் மறுமுனையில் ஒரு உயிர் வெந்துகொண்டிருக்கிறது என்பது அவளுக்குத் தெரியும். இருந்தாலும் முதலில் அவன் வரட்டும்.

அவன் வரவில்லை. ஆனால் வயரைத் தேடி ஊர் வந்தது.

வயர் ஊருக்குள் யாரையும் கேட்டுக்கொண்டு போகவில்லை. மளிகைக் கடையின் அரிசி மூட்டைகளுக்கு நடுவே புகுந்து, சலூன் கண்ணாடிக்குப் பின்னால் ஏறி, கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தை நீளவாக்கில் கடந்து, இரண்டு கட்சி ஆபீசுக்கும் பொதுவாக இருந்த சுவரின் மேல் நடந்து, வீடு வீடாக ஒரு ஜன்னலில் நுழைந்து மறு ஜன்னலில் வெளியேறிப் போயிருந்தது. முதல் நாள் சாயங்காலமே அதில் துணி காயப்போட்டார்கள், ஏனென்றால் வயர் சூடாக இருந்தது, துணி சீக்கிரம் காய்ந்தது. வெள்ளிக்கிழமை காலையில் அதற்குச் சந்தனமும் குங்குமமும் வைத்தார்கள், ஏனென்றால் துடித்தது. துடிக்கிற எதையும் அந்த ஊர் ஒன்று கும்பிடும், இல்லையென்றால் குழம்பு வைக்கும். உசுரு வயர் என்று பெயரும் வைத்தாகிவிட்டது. சனிக்கிழமை இரண்டு கட்சிக்காரர்களும் அவரவர் பக்கத்தில் கொடி கட்டினார்கள். திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் உசுரு வயரின் பயன்கள் என்று பிள்ளைகளைக் கட்டுரை எழுதச் சொன்னார்கள், பயன்கள் பன்னிரண்டு என்று கரும்பலகையில் எழுதிப்போட்ட ஹெட்மாஸ்டருக்கு, அது எங்கே போய் முடிகிறது என்று ஒரு பிள்ளைகூடக் கேட்காததில் ரொம்ப நிம்மதி.

இதற்குள் உடம்புச் சூடு உள்ளவர்களெல்லாம் கிளம்பியிருந்தார்கள். கண் எரிச்சல்காரர்கள், மூலக்காரர்கள், வேனல் கட்டி வந்தவர்கள், பிள்ளைக்கு அம்மை இறங்கி ஒரு மாசமாகியும் காந்தல் போகாதவர்கள், ஜாதகத்தில் செவ்வாய் இருந்து அதையும் சூடு என்றே எடுத்துக்கொண்டவர்கள் எல்லோரும் ஈரக் கையோடு வந்து மூன்று தடவை வயரைத் தொட்டால் தங்கள் சூடு அதில் இறங்கிவிடும் என்று யாரோ கிளப்பிவிட, வரிசை மளிகைக் கடையைத் தாண்டி நின்றது. தொட்டவர்கள், அடேயப்பா குளுகுளுன்னு இருக்குது என்று சொல்லிக்கொண்டு போனார்கள். இறங்கிய சூடு எங்கே போகும் என்று கேட்க அங்கே யாருக்கும் நேரமில்லை, வரிசை பின்னால் தள்ளிக்கொண்டிருந்தது.

காயலாங்கடையில் இருந்த பழைய ஹீட் மீட்டர்களெல்லாம் இரண்டே நாளில் தீர்ந்துபோயின. வீட்டுக்கு ஒன்று வாங்கி, ஹாலில் சாமி படத்துக்குப் பக்கத்தில் மாட்டி, வயரின் தோலைச் சீவி ஒரு கனெக்‌ஷன் இழுத்துக்கொண்டார்கள். சால்டரிங்? அது எதற்கு? முறுக்கிவிட்டு டேப் சுற்றினால் போதாதா? எல்லா முள்ளும் H-இல் நின்றது. பெண் பார்க்க வந்தவர்கள் முள்ளைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள். மனை வாங்குகிறவர்கள் முள்ளைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். எப்போதும் ஒரே இடத்தில் நிற்கிற முள்ளைப் பார்த்து ஒவ்வொருத்தரும் தனக்கு வேண்டியதைத் தெரிந்துகொண்டு போன கூத்தை, துளசிமணி தன் நாற்காலியில் உட்கார்ந்தபடி ரசித்தாள். அவள் ஷெட்டின் பின்சுவரை ஒட்டியும் வயர் போனது. அவளும் ஒரு மீட்டரை அதில் ஒழுங்காக சால்டர் வைத்து மாட்டியிருந்தாள். காலையில் எழுந்ததும் அதைப் பார்ப்பாள். H-இல் நின்ற முள், ஞாயிற்றுக்கிழமை H-ஐத் தாண்டியது. செவ்வாய்க்கிழமை கடைசித் தடுப்பு ஆணியில் போய் முட்டிக்கொண்டு வளைந்து நின்றது.

"எங்கடா அவன்," என்பாள் முள்ளைப் பார்த்து. "வரச் சொல்லுடா அந்தப் பெரிய மனுசன."

ஊரை நினைத்தால் அவளுக்கு அவ்வளவு இளக்காரமாக இருந்தது. அந்த இளக்காரத்தில் சோறுகூட ருசியாக இறங்கியது.

செவ்வாய்க்கிழமை மத்தியானம் சிட்டியிலிருந்து குணசீலன் என்கிறவன் வந்தான். கையில் நீலக் கையுறை, இடுப்பில் டார்ச், வண்டி முழுக்கப் பெட்டி பெட்டியாகக் கருவி. வயர் போன திசையை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மீட்டருக்குப் பின்னால் வயரை வெட்டி, ஒரு சின்ன ரெசிஸ்டரை மாட்டி எர்த்தில் சேர்த்தான். முள் நடுவில் வந்து நின்றது. கீர்த்திவாசன் கைதட்டினார், கூட நின்றவர்களும் கைதட்டினார்கள், சேதி ஊருக்குள் போனது. எங்க வூட்டு முள்ளு மட்டும் ஏன் H-ல நிக்கோணும் என்று ஆளாளுக்குக் குணசீலனை மறித்தார்கள். வியாழக்கிழமைக்குள் சின்னக்குட்டிபாளையத்தில் ரெசிஸ்டர் மாட்டாத வீடு இல்லை. எல்லா ஹாலிலும் முள் நடுவில் நின்றது. பெண் பார்க்க வந்தவர்கள் அதைப் பார்த்துவிட்டு உட்கார்ந்தார்கள், மனை வாங்குகிறவர்கள் அதைப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார்கள். நல்லவேளையா சூடு தணிஞ்சுருச்சு என்று பேசிக்கொண்டார்கள். வயரில் துணி மட்டும் முன்னைவிடச் சீக்கிரம் காய்ந்தது, அதற்குக் காற்று காரணம் என்றார்கள்.

ஞாயிற்றுக்கிழமை விடிந்தது. கீர்த்திவாசனும் மில் அதிகாரிகளும் காரை லாரியில் ஏற்றிக்கொண்டு கண்காட்சிக்குப் போனார்கள். துளசிமணி பல் விளக்கிக்கொண்டே மீட்டரைப் பார்த்தாள். பத்து நாளாக ஏறியே நின்ற முள் இறங்கிக்கொண்டிருந்தது. அவள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே H-ஐவிட்டு நகர்ந்து, நடுவுக்கு வந்து, நடுவிலும் நிற்காமல் C-யைப் பார்த்துப் போனது.

ஊரில் ஒரு பயலுக்கும் தெரியாத ஒன்று அவளுக்குத் தெரியும். கொதிக்கிற இன்ஜினில் தண்ணீர் கொஞ்சம் கொஞ்சமாக வற்றி, கடைசிச் சொட்டும் போய்விட்டால் சென்சாருக்குத் தொட ஒன்றும் இருக்காது. அப்போது முள் இறங்கும். ஓட்டுகிறவன், அப்பாடா ஆறிவிட்டது என்று நினைப்பான். அடுத்த இரண்டு மைலில் இன்ஜின் இறுகிவிடும், பிறகு அதை யாராலும் அசைக்க முடியாது. இருபது வண்டிகளை அப்படிப் பிரித்துப்போட்டுப் பார்த்தவள் அவள்.

வாயிலிருந்த பற்பசையைத் துப்பிவிட்டு, கட்டிங் பிளேயரை மட்டும் எடுத்துக்கொண்டு, வயரைக் கைக்குள் விட்டபடி ஓடினாள்.

வழியெல்லாம் அந்த ஊரின் லட்சணம் தொங்கியது. ஈரத் துண்டு, பாவாடை, போர்வை என்று ஒவ்வொன்றாக இழுத்துக் கீழே போட்டாள். காய்ந்து ஓடாகிப்போன சந்தனத்தை நகத்தால் பேர்த்தாள். முறுக்கி டேப் சுற்றிய கள்ளக் கனெக்‌ஷன் ஒவ்வொன்றையும் நறுக்கி எறிந்தாள். கதவைத் தட்டாமல் ஹால் ஹாலாகப் புகுந்து போனவளைப் பார்த்துப் பொம்பளைகள் அலறினார்கள்.

"ஏனக்கா, எங்க மீட்டரு! நடுவுல நல்லாத்தான நின்னுச்சு!"

"நல்லா நின்னுச்சு போங்கடி! அந்த முனையில உசுரு போயிட்டிருக்குது, உங்களுக்கு நடுவுல நிக்கோணுமா? பத்து நாளா ஒரு நாதியாச்சும் போயிப் பாத்தீங்ளாடி?"

"அதத்தான் தெனமும் தொட்டுக் கும்புடறோமேக்கா," என்றாள் அந்த வீட்டுக்காரி, நிஜமாகவே புரியாமல்.

அவளிடம் நின்று பேச துளசிமணிக்கு நேரமில்லை. கல்யாண மண்டபத்தில் யாருக்கோ வளைகாப்பு. பந்திக்கு நடுவே இலைகளைத் தாண்டிப் போனாள். கட்சிக் கொடிகளைப் பிடுங்கியபோது இரண்டு ஆபீசிலிருந்தும் ஆட்கள் ஓடிவந்து, எதிர்க்கட்சிக் கொடியையும் பிடுங்கியிருக்கிறாளா என்று பார்த்துத் திருப்தியாகித் திரும்பிப் போனார்கள். வயரின் துடிப்பு விரலுக்கு எட்டுவதும் எட்டாததுமாக இருந்தது. வீடுகள் தீர்ந்து, பைபாஸ் ரோட்டைத் தாண்டி, கருவேலங்காட்டுக்குள் போய், வயர் ஒரு நீண்ட காம்பவுண்டுச் சுவரின் சாக்கடை ஓட்டைக்குள் நுழைந்தது. அது கீர்த்தி மில்லின் சுவர். உள்ளே வயர் நேராக மில்லுக்குப் போகாமல், வெளியூர்ப் பெண்கள் தங்கி வேலை பார்க்கிற ஹாஸ்டலுக்குப் போனது.

ஹாஸ்டல் வராந்தாவில் வயர் தரையோரமாகப் போனது. அதன்மேல் யாரும் தடுக்கி விழக்கூடாது என்று வார்டன் அதற்கு மஞ்சள் பெயின்ட் அடித்துவைத்திருந்தாள். அது கடைசி அறையின் கதவுக்குக் கீழே உள்ளே போனது. கதவில் சிக் ரூம் என்று எழுதியிருந்தது.

கட்டிலில் ஒரு பெண் கிடந்தாள். பத்தொன்பது இருபது வயதிருக்கும். உதடு வெடித்து, கண் சொருகி, வியர்க்கக்கூட உடம்பில் தண்ணீர் இல்லாமல் காய்ந்துபோயிருந்தாள். பச்சை வயர் கட்டில் காலில் ஏறி, தலையணையைக் கடந்து, அவள் பிடரியில் மயிருக்குக் கீழே ஒரு பித்தளைத் திருகு மரையில் முடிந்திருந்தது. மூக்குத்தி போட்ட இடம்போலத் தோல் அதைச் சுற்றி ஆறியிருந்தது. துளசிமணி நெற்றியில் கை வைத்துவிட்டு உடனே எடுத்தாள்.

"இது எத்தன நாளா இப்புடிக் கெடக்குது?"

"முத்துராக்குங்களா? போன வாரத்துக்கு முந்தின வாரத்திலிருந்து காய்ச்சல். மாத்திரை குடுத்திட்டுத்தான் இருக்கோம்," என்றாள் வார்டன். "ராமநாதபுரம் பக்கம். அவங்க அப்பா அம்மா வந்து கையெழுத்துப் போட்டாத்தான் வெளிய அனுப்ப முடியும். தகவல் சொல்லியிருக்கு."

"வயரு?"

"அது எலக்ட்ரிகல் டிபார்ட்மென்டுங்க. நாங்க அதுல தலையிடறதில்ல."

துளசிமணிக்கு வந்த கோபத்தில் அந்தக் கட்டிடத்தையே பிரித்துப்போட்டிருப்பாள். ஆனால் பிரிக்கிற நேரம் இல்லை. முத்துராக்குவைத் துணி மூட்டைபோலத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். வயர் அறுபடாமல் பின்னாலேயே வந்தது; ஓடிக்கொண்டிருக்கிற வண்டியில் எந்தக் கனெக்‌ஷனையும் பிடுங்கக்கூடாது என்பதால் அவளும் அதை வெட்டவில்லை. கேட்டில் வாட்ச்மேன் ரிஜிஸ்டரை நீட்டி மறித்தான்.

"கையெழுத்து இல்லாம விட்டா என்ற வேலை போயிரும்ங்."

பெண்ணைத் தோளில் வைத்துக்கொண்டே துளசிமணி கையெழுத்துப் போட்டாள். உறவுமுறை என்ற கட்டத்தில் எலக்ட்ரீசியன் என்று எழுதினாள். வாட்ச்மேன் அதை எழுத்துக் கூட்டி வாசித்தான், கட்டம் காலியாக இல்லை என்று பார்த்தான், கேட்டைத் திறந்துவிட்டான்.

காய்கறி ஏற்றி வந்த ஆட்டோ ஒன்றைக் கையைக் காட்டி நிறுத்தி, தக்காளிக் கூடைகளை ரோட்டிலேயே இறக்கிவைத்துவிட்டு, முத்துராக்குவைப் படுக்கவைத்துப் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோனாள். வழியெல்லாம் வயர் பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. ரோட்டோரம் நின்றவர்கள் செருப்பைக் கழற்றிவிட்டுக் கும்பிட்டார்கள்.

அன்றைக்குக் கண்காட்சியில் கீர்த்திவாசனின் காருக்கு, டேஷ்போர்டு அச்சு அசலாக இருப்பதற்காகப் பரிசு கொடுத்தார்கள். பரிசு வாங்கிய பெருமையில் லாரி வேண்டாம் என்று அவரே ஓட்டிக்கொண்டு திரும்பினார். பாதி வழியில் ரேடியேட்டர் கொதித்தது, தண்ணீர் வற்றியது, புகை வந்தது, இன்ஜின் இறுகி நடுரோட்டில் நின்றது. முள் நடுவில் இருந்ததால் அவருக்குக் கடைசிவரை ஒன்றும் தெரியவில்லை. முள்ளு நடுவுலதான இருக்குது, முள்ளு நடுவுலதான இருக்குது என்று போலீஸ்காரரிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம்.

நாலாம் நாள் முத்துராக்குவுக்குக் காய்ச்சல் விட்டது. ஐந்தாம் நாள் நர்ஸ் தலை வாரிவிட்டபோது பித்தளை மரை சீப்போடு வந்துவிட்டது. நர்ஸ் அதைத் தட்டில் போட்டுவிட்டுப் பின்னலைப் போட்டுமுடித்தாள். அன்றைக்கே ஊரில் வயர் எல்லா இடத்திலும் தானாகக் கீழே விழுந்து கிடந்தது. துணி காயப்போட இடமில்லையே என்று சின்னக்குட்டிபாளையம் இரண்டு நாள் வருத்தப்பட்டது, பிறகு நைலான் கயிறு வாங்கிக் கட்டிக்கொண்டது.

டாக்டரம்மா துளசிமணியைத் தனியாகக் கூப்பிட்டாள்.

"பொழைச்சுக்கிட்டா. ஆனா வலது காது போயிருச்சும்மா. திரும்ப வராது. ஒரு வாரம் முன்னாடி கொண்டுவந்திருந்தீங்கன்னா அதையும் காப்பாத்தியிருக்கலாம். யாருமே பாக்கலியா?"

"எல்லாரும் பாத்தாங்க," என்றாள் துளசிமணி.

வார்டுக்குப் போய்க் கட்டிலுக்கு அருகே ஸ்டூலை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். முத்துராக்கு இட்லியைப் பிட்டுப் பிட்டு வாயில் போட்டுக்கொண்டிருந்தாள். உடம்பில் எலும்பும் கண்ணும்தான் மிச்சம் இருந்தன.

"ஊர்ப்பட்ட பேரு தொட்டாகக்கா," என்றாள் அவளாகவே. "எனக்கு அம்புட்டும் தெரிஞ்சுச்சு. ஒவ்வொரு கையாத் தெரிஞ்சுச்சு. சில பேரு ஈரத் துணி போடுவாக, அப்ப மட்டும் கொஞ்சம் குளுமையா இருக்கும். ஒரு வீட்டுல தொட்டில் கட்டியிருந்தாக. நான் பொரண்டா புள்ள முழிச்சுக்குமேன்னு அசையாமக் கெடந்தேன்."

துளசிமணி தண்ணீர் டம்ளரை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஈரக் கையோட தொடுறவுக வந்தாத்தான் தாங்கல. அவுக தொட்டுட்டுப் போனா நெருப்ப அள்ளிக் கொட்டுன மாதிரி இருக்கும். ஆனாலும் இத்தன பேரு தொடுறாகளே, எவுகளாச்சும் ஒருத்தரு கைய எடுக்காமப் புடிச்சுக்கிட்டே நடந்து வந்துருவாகன்னுதான் நெனச்சேன். தெனமும் கதவையே பாத்துக்கிட்டிருந்தேன்."

"அவிய எல்லாம் மனுசங்களே இல்ல கண்ணு. மாட்டுக்கு இருக்கற அறிவு இல்ல அந்த ஊருல. ஒருத்தனுக்காச்சும் என்னமோ ஏதோன்னு தோணுச்சா பாரு. தெரியலீன்னா போயித் தொலையறானுக. தெரிஞ்சிருந்துமா..." என்று ஆரம்பித்தவள், அதற்குமேல் வாக்கியம் ஓடாமல் நிறுத்தினாள்.

முத்துராக்கு இட்லித் தட்டைக் கீழே வைத்தாள்.

"ஒங்களுக்கு எப்பக்கா தெரியும், அங்கன ஒரு ஆளு கெடக்குன்னு?"

நாற்பது வருஷமாக எவன் எதைக் கேட்டாலும் முகத்தில் அடிக்கிற மாதிரி பதில் வைத்திருந்தவள் துளசிமணி. எலக்ட்ரீசியன்தானே, ஞாயிற்றுக்கிழமைதான் முள் இறங்கியது என்று சொல்லிவிடலாம். அதுவும் பொய்யில்லை. அவள் தன் கையைப் பார்த்தாள், கட்டில் சட்டத்தைப் பார்த்தாள், பிறகு வாய்க்குள்ளேயே சொன்னாள்.

"மொத நாளே தெரியும்."

"என்னக்கா?" முத்துராக்கு தலையைத் திருப்பினாள். "அந்தப் பக்கம் கேக்கலக்கா. இங்கிட்டு வந்து சொல்லுங்க."

துளசிமணி எழுந்தாள். ஸ்டூலைத் தூக்கிக்கொண்டு கட்டிலைச் சுற்றி இடது பக்கம் போய்ப் போட்டு உட்கார்ந்து, அந்தக் காதுக்குப் பக்கத்தில் குனிந்து, இன்னொரு தடவை சொல்ல நேராமல் சத்தமாகச் சொன்னாள்.

"மொத நாளே தெரியும் கண்ணு."

இந்தத் தடவை முத்துராக்குவுக்குக் கேட்டது.